எங்கள் கிணற்று உவர்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. நல்ல தண்ணீரில் போட்டதென்று முதல் மிடறிலேயே தெரிகிறது. வேலணைத் தீவில் எங்கள் வீட்டுத் தேநீர் இப்போது வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது.

களைப்பாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் எழுதுவதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தமிழ் படிப்பித்த பழக்கம். என் மருமகள் நிமலினி கிணற்றைத் துடக்காக்கினாள் என்று நான் சொல்லவில்லை. துடக்கு பிறப்பு, இறப்பு வீடுகளுக்குரியது; நாள் போனால் தானாகக் கழியும். நான் சொன்னது தீட்டு. தொடக்கூடாதவர்கள் தொட்டால் வருவது. கழுவினால்தான் போகும். கிணறென்றால் அடிவரை இறைக்க வேண்டும். என் தகப்பனாரும் அப்படித்தான் செய்தார்.

நிமலினி நல்ல பிள்ளை. மகன் நிசாந்தன் விரும்பிக் கட்டினான். அவளுடைய ஆட்கள் எங்கள் கிணற்றில் ஒருநாளும் அள்ளியதில்லை, அவ்வளவுதான். நானே அள்ளித் தருகிறேன் என்றேன். நான் கடைக்குப் போன நேரங்களில் அவளே அள்ளினாள். ஒவ்வொரு முறையும் மோட்டரை இழுத்து வந்து இறைத்தேன். இந்த வயதில் அது லேசான வேலையல்ல.

"மாமா, இப்பிடி அடியோடை இறைச்சா கடல்தண்ணி ஊறி உவர் ஏறுமெல்லோ. நான் இனி அள்ளேல்லை, மோட்டரை நிப்பாட்டுங்கோ," என்றாள் ஒருநாள்.

சொன்னபடி அள்ளுவதை விட்டாள். ஆனால் அதற்குள் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. பவுசர் லொறியில் வரும் தண்ணீரை வாங்கிக் குடித்தோம். நான் விடாமல் இறைத்தேன். அப்போதுதான் அவள் பிள்ளைத்தாய்ச்சி என்றார்கள். அது எங்கள் வீட்டுப் பிள்ளை. அள்ளாதே என்று அதற்கு யார் சொல்வது? இன்னும் எத்தனை காலம் இறைப்பது? எனக்கு அலுத்துப்போனது, ஐயா.

வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தை அவளுடைய குடத்தில் ஊற்றினேன். போத்தலைக் கிணற்றடிப் பக்கம் கொண்டுபோகவில்லை. கையையும் வாசல் படலையடியில்தான் கழுவினேன்.

"மாமா, தண்ணி கைக்குது," என்றாள்.

"பவுசர்த் தண்ணி அப்பிடித்தான், பிள்ளை," என்றேன். மிச்சத்தையும் குடித்தாள்.

செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு கழிந்துவிடும். அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. நீங்கள் என்னைப் பிடிக்க வந்தபோதும் மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டிருப்பீர்கள். அவள் போன பிறகும் நாள்தோறும் அடிவரை இறைத்தேன். உவர் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. எனக்குத் தெரியாமல் எவ்வளவு அள்ளியிருக்கிறாள் என்று பாருங்கள்.