ஒரு நிலா அகலம் தள்ளி

"ஐயையோ, காப்பியில சர்க்கரை போட மறந்துட்டேனே. குடிச்சுட்டீங்களா?"

"குடிச்சுட்டேன்."

"கசக்கலையா?"

"கசந்துது."

"அப்போ கேக்கறதுக்கென்ன? டப்பா கைக்கெட்டற தூரத்துலதானே இருக்கு."

"பரவாயில்ல, விடு."

"ஏதாவது வேணும்னா வாயைத் திறந்து கேளுங்க, சாமியாரே. எனக்கு வானத்துல இருக்கறதைத்தான் தேடத் தெரியும். உங்க மனசுல இருக்கறதை இல்ல."

கல்யாணமான மூன்றாவது வாரத்தில் என் மனைவி இப்படிச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சாமியார் என்றே பெயர். தொலைநோக்கி நிலையத்தின் குழுவினராகிய நீங்கள் கேட்ட விளக்கத்தை எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காப்பிதான். நான்கு ஆண்டுகளாக ஒரே பிழை எப்படி நேர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை என்று சொன்னது உங்கள் பெருந்தன்மை.

நாங்கள் இருவரும் ஒரே இயற்பியல் துறையில் வேலை பார்க்கிறோம். அவள் ஆராய்ச்சி செய்கிறாள். நான் அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ரேடியோ தொலைநோக்கியில் நேரம் கேட்டு ஆண்டுக்கொரு முறை விண்ணப்பிப்பாள். அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உங்கள் விண்ணப்ப மென்பொருளில் நிரப்புவோம். எதைத் தேடுகிறோம், ஏன் தேடுகிறோம் என்னும் பக்கங்கள் அவளுடையவை. எந்தத் திசையில், எந்த அலைவரிசையில், எத்தனை மணி நேரம் என்னும் தொழில்நுட்பப் பக்கம் என்னுடையது. "கட்டம் கட்டமா இருக்கறதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது, அதை நீங்களே போடுங்க" என்று முதல் வருடமே என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மாணவியாக இருந்தபோது, விண்மீன்கள் கூட்டமாகச் சேர்ந்த சின்ன அண்டம் ஒன்றின் அருகே ஒரு வாயு மேகம் இருப்பதற்கான அடையாளத்தை அவள் கண்டாள். தாளில் ஓடும் கோட்டில் ஒரு சிறிய மேடு. அது தெரிந்தது ஒரே ஒரு முறைதான். அவளுடைய பேராசிரியர் அதைக் கருவியின் இரைச்சல் என்றார். இவள் மேகம் என்றாள். அன்றிலிருந்து அதற்கு 'என் மூத்த பொண்ணு' என்று பெயர். பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஒவ்வொரு ஆண்டும் தொலைநோக்கியிலிருந்து தரவு வரும் நாளில், பள்ளிக்கூடப் பையைக் கழற்றுவதற்கு முன்பே, "அக்கா கெடைச்சாளா?" என்று கேட்பாள்.

அக்கா கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். உங்கள் நிலையத்தின் தலைவர் ஒரு மாநாட்டில் அவளிடம், "அந்த மேகத்தை இன்னொரு தடவை காட்டுங்க. மறுநாளே அஞ்சு வருஷ வேலைக்குக் கடிதம் வரும்" என்று சொல்லியிருந்தார். கடல் தாண்டி வேலை. அங்கே என் போன்றவர்களுக்கு இடமில்லை என்பதை விசாரித்து வைத்திருந்தேன். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்று அவளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் குழுவில் சட்டம் படித்தவர் ஒருவர் இருப்பதைக் கடிதத்தின் அடியில் பார்த்தேன். அவருக்காக நடந்ததை எளிமையாகச் சொல்கிறேன். பூமி பம்பரம் போல மெல்லத் தள்ளாடுவதால் வானத்து முகவரிகள் சிறிது சிறிதாக மாறுகின்றன. ஆகவே எண்களோடு, அவை எந்த ஆண்டின் கணக்குப்படி எழுதப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது பழைய அட்டவணையின் முகவரி, 1950ஆம் ஆண்டின்படி. உங்கள் மென்பொருளில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் விரியும். யாரும் தொடாவிட்டால் அது 2000 என்றே நிற்கும். முதல் ஆண்டு நான் அதைத் தொட மறந்துவிட்டேன். அதனால் உங்கள் தொலைநோக்கி, அந்த அண்டத்திலிருந்து ஒரு முழு நிலாவின் அகலத்தைவிடச் சற்றே அதிகமாகத் தள்ளியிருந்த வெற்றிடத்தை ஆறு மணி நேரம் பார்த்தது. சரிபார்க்கும் பொத்தானை அழுத்தியபோது எல்லாம் பச்சையாகத்தான் வந்தது. அந்தத் திசை அடிவானத்துக்கு மேலே வருமா என்று மென்பொருள் பார்க்கும். அங்கே ஏதாவது இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

அந்த முறை நடந்தது தெரியாமல் நேர்ந்த தவறு. இதைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தரவில் ஒன்றுமில்லை. கோடு தட்டையாக ஓடியது. அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என் தோளில் சாய்ந்து, "இங்கேயே இருந்துடலாம்னு தோணுது" என்றாள். ஒரு வாரம் கழித்து, பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது அந்த 2000 என் கண்ணில் பட்டது. அன்று மாலையே சொல்லிவிட நினைத்தேன். ஆனால் அன்று மாலை, வெகுநாள் கழித்து, அவளும் மகளும் தரையில் படுத்துக்கொண்டு எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தக் குடும்பஸ்தனுக்கும் வராது.

இரண்டாம் ஆண்டு அந்தப் பட்டியலை நான் தொடவில்லை. மறதி என்று சொல்ல முடியாது. அதையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் ஆண்டு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எண்ணுல ஏதாவது தப்பு இருக்குமோ? நான் படிக்கிறேன், நீங்க பாருங்க" என்று நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றேன். எல்லாம் சரியாகவே இருந்தன. எண்களில் நான் ஒருபோதும் கை வைத்ததில்லை. "நீங்க போட்டா தப்பு வருமா என்ன" என்று நோட்டை மூடினாள்.

நான்காம் ஆண்டு பதினெட்டு மணி நேரம் கிடைத்தது. பதினெட்டு மணி நேரமும் தட்டைக் கோடு. அவளுக்கு நெற்றியோரம் நரைத்திருந்ததை அந்த வாரம்தான் கவனித்தேன். நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்பு என்றார் டாக்டர். நான் சமைத்தேன், தலை பிடித்துவிட்டேன், துறையில் அவளுக்காக விடுப்பு எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் மிகவும் நெருக்கமாக இருந்தது அந்த மாதங்களில்தான்.

அப்போதுதான் அவள் ஒரு மறுப்பு எழுதினாள். இரண்டு பக்கம். மாணவப் பருவத்தில் தான் கண்டது மேகமல்ல, இரைச்சலே, அந்த ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. என்னிடம் கொடுத்து, "மொழி சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். ஓரிடத்தில் 'என் பிழை' என்பது இரண்டு முறை வந்திருந்தது. ஒன்றை அடித்தேன்.

"இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன். இதுலயும் இல்லன்னா இதை அனுப்பிட்டு, பேசாம ஸ்கூல்ல கணக்குப் பாடம் எடுக்கப் போறேன்" என்றாள். "நல்லதுதானே" என்றேன். எனக்கும் களைப்பாக இருந்தது. எல்லோரும் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் நேரம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த ஐந்தாவது விண்ணப்பத்துக்கு மாலை நான்கு மணி கடைசி. மூன்றேகாலுக்கு நான் மேசையில் என் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மகள் அருகில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்பங்கரையில் இருந்தாள். இந்த ஆண்டு உங்கள் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எண்களைப் போட்டதும் பக்கத்தில் ஒரு சதுரம் திறந்து, அந்தத் திசையின் வானம் படமாக வந்தது. நாலைந்து மங்கலான புள்ளிகள். நடுவில் ஒன்றுமில்லை. அவளை நான் பார்க்க வைத்த இடத்தை அன்றுதான் நானே முதல் முறையாகப் பார்த்தேன்.

"அம்மா, இங்க வந்து பாரேன்! அக்கா வீட்டோட படம் வந்திருக்கு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என் நாற்காலியின் பின்னால் நின்றாள். பதினைந்து வருடம் அந்த அண்டத்தின் முகத்தைப் பார்த்தவள்.

"இது எந்த இடம்?" என்றாள்.

அவள் குனிந்து எண்களைப் படித்தாள். பிறகு எண்களுக்குப் பக்கத்தில் பார்த்தாள். என் கையின் அடியிலிருந்து சுட்டியை எடுத்து, பட்டியலை விரித்து, 1950ஐத் தேர்ந்தெடுத்தாள். படம் ஒரு பக்கமாக நகர்ந்தது. ஓரத்திலிருந்து ஒரு சிறிய வெள்ளைத் தீற்றல் வந்து நடுவில் நின்றது.

"குட்டி, நீ போய் மாடியில காயற துணியெல்லாம் எடுத்துட்டு வா" என்றாள்.

மகள் போனாள்.

"நாலு தடவையுமா?"

"மூணு. மொதல் தடவை தெரியாம நடந்தது."

அவள் தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்துவதற்கும் அவளிடம் தெம்பில்லை.

"அந்த மறுப்பைத் திருத்திக் குடுத்தீங்களே."

"மொழியை மட்டும்தான்."

"ஏன்?"

"நீ போயிடுவே."

"போகாதேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன்" என்றாள். "அந்த மொதல் வருஷம் நீங்க பாத்திரம் துடைச்சுக்கிட்டு நின்னப்போ, கேப்பீங்களான்னுதான் பாத்துக்கிட்டே நின்னேன்."

என்னை எழச் சொன்னாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, தொழில்நுட்பப் பக்கத்தை முதல் கட்டத்திலிருந்து தானே ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு இணை ஆய்வாளர்கள் பட்டியலுக்குப் போனாள். என் பெயருக்கு எதிரே இருந்த குறியை அழுத்தினாள். இவரை நீக்க வேண்டுமா, உறுதியா என்று மென்பொருள் கேட்டது. உறுதி என்றாள். பத்து நிமிடம் மீதமிருக்கும்போது சமர்ப்பித்துவிட்டு, கணினியை மூடினாள்.

அந்த விண்ணப்பத்துக்கு நீங்கள் நேரம் கொடுத்ததும், கோட்டில் மேடு தெரிந்ததும், வேலைக் கடிதம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. நடந்ததை உங்களுக்கு எழுதியதும் அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

மூன்று முறை தெரிந்தே செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் குழு கருத்தில் கொள்ள வேண்டும். எந்த ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. அவள் வழியில் நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. சர்க்கரை முதல் எதையும் அவளிடம் நான் கேட்டதில்லை. பதின்மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். அது இன்று காலை. மகளின் புத்தகப் பெட்டியை நானேதான் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். கீழே வண்டி வந்து நின்றது. மகள் முன்னால் இறங்கிப் போனாள். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"போகாதே" என்றேன்.