நம்ம பசங்களோட சேரு

...பின்ன என்னம்மா, பதிமூணு வயசுப் பொண்ணு பையில சிகரெட்டு! அதான், பேனா மாதிரி இருக்குமே, குபுகுபுன்னு புகை விடுவாங்களே, வேப்பு... அது. கண்ணை மூடிக்கோங்க. புருவத்தை இழுத்துப் பிடிங்க, நூல் வெட்டிடும். நேத்து ஸ்கூல்ல பிடிச்சிருக்காங்க. என் பொண்ணை!

உடனே தெரிஞ்சுபோச்சு, இது எதிர்வீட்டுப் பொண்ணு வேலைதான்னு. அவங்க வேற ஆளுங்கம்மா. வேற இனம், வேற பாஷை. அவங்கப்பா வாசல்லயே உக்காந்து பீர் குடிப்பாரு. எங்க வீட்டுக்காரர் மட்டும் என்னன்னு கேக்காதீங்க, அவரு கதவைச் சாத்திட்டுத்தான் குடிப்பாரு. மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?

அசையாதீங்கம்மா... என் பொண்ணும் அந்தப் பொண்ணும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சதுங்க. நான்தான் போன வருஷம் பிரிச்சுவிட்டேன். "நம்ம பசங்களோட சேருடி, நாம யாருன்னு தெரிய வேண்டாமா"ன்னு நம்ம தமிழ்ச் சங்கத்துல நடக்குற சனிக்கிழமை வகுப்புல கொண்டுபோய் விட்டேன். முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. ரெண்டே மாசம்! வகுப்பு முடிஞ்சாலும் வீட்டுக்கு வர மனசே வரல. வரும்போதே ஸ்ட்ராபெரி வாசனை. "பாத்தீங்களா, நம்ம பிள்ளைங்களோட சேந்ததும் எப்படி சுத்தபத்தமா இருக்கா"ன்னு அவர்கிட்ட பெருமை வேற...

என்ன? ஆமா. அந்த வேப்பு வாசனைதான். நீங்க சட்டுனு பிடிச்சுட்டீங்க. எனக்கு ஸ்கூல் டீச்சர் போன்ல சொல்லித்தான் மண்டையில ஏறுச்சு. வகுப்பு முடிஞ்சதும் சங்கத்துல சைக்கிள் நிறுத்துற இடத்துல நம்ம பசங்க அஞ்சாறு பேரு கூடி இழுத்திருக்காங்க. "இழுக்கலைன்னா நீ நம்ம ஆளே இல்ல"ன்னு சொன்னது யாரு? சங்கத் தலைவர் மகன்!

எதிர்வீட்டுப் பொண்ணு போன மாசம் வந்து கதவைத் தட்டுச்சும்மா. "ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும்"னு. இந்தப் பக்கமே வராதேன்னு மூஞ்சிக்கு நேரா சாத்துனேன்.

இதையும் கேளுங்க. வீட்ல யாரைக் கூப்பிடணும்னு ஸ்கூல்ல கேட்டதுக்கு, என் பொண்ணு அந்தப் பொண்ணோட அம்மா நம்பரைக் கொடுத்திருக்கா. என் நம்பர் இல்லம்மா! அவங்கதான் போய் கூட்டிட்டு வந்தாங்க. இன்னும் அங்கதான் இருக்கா. அதோ, ஜன்னல்ல தெரியுதே பச்சைக் கதவு... காலையில ரெண்டு தடவை போயிட்டேன். மணியை அடிக்கக் கை வரல. நான் சாத்துன மாதிரி அந்தம்மாவும் சாத்திட்டா?

அய்யோ, ஏன் எழுந்துட்டீங்க? ஒரு புருவம்தாம்மா முடிஞ்சிருக்கு! இந்தக் கோலத்துலயா தெருவுல போவீங்க?

என்ன... என் செருப்பை ஏன் எடுத்துப் போடுறீங்க...

சரி. சரிம்மா. போறேன்... பத்தடிதானே.