மூன்றாவது டேக்

எனக்குச் சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளாது. விரலிடுக்கில் அரித்துத் தோல் உரியும். இருந்தும் கிசுமு நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு வருடம் தற்காலிகமாக நாடகப் பாடம் எடுத்தேன். நான் சோம்பேறி இல்லை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளி போக மீதி நேரமெல்லாம் இலவச வேலை. தேவாலயத்துக்கு ஈஸ்டர் நாடகம், தொண்டு நிறுவனத்துக்கு மலேரியா நாடகம், யாரோ ஒரு வேட்பாளருக்குப் பிரச்சாரப் பாட்டு. முடிந்ததும் கையைக் குலுக்கி, "உங்களுக்கு என்ன திறமை, டீச்சர்" என்பார்கள். ஒரு பாட்டில் சோடா தருவார்கள், வெதுவெதுவென்று. அந்தத் தித்திப்பை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. நடுநடுவே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். பதில் வந்ததில்லை.

மார்ச் மாதம் நைரோபியிலிருந்து ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பதில் போட்டது. உதவி இயக்குநர் வேலை. நீங்களே எடுத்த படம் ஒன்றை மூன்று வாரத்துக்குள் அனுப்புங்கள் என்றிருந்தது. என்னிடம் படம் ஏது?

சின்னதாக ஒரு கதை எழுதினேன். ஒரு பெண் ஏரிக்குள் நடந்து போகிறாள், திரும்புவதில்லை. கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கும் ஒடேராவைக் கூப்பிட்டேன். அவரும் சும்மாதான் வந்தார். பெண்ணாக என் மாணவி அக்கோத். பதினைந்து வயது. அவளைவிட நன்றாக நடிக்கிறவர்கள் வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நீந்தத் தெரியும்.

"தண்ணின்னாலே பயம் டீச்சர்," என்றாள். "எங்க மாமா படகு கவுந்துதான் செத்தாரு."

"இடுப்பு வரைக்கும்தான்டி. நான் கரையிலயே நிக்கிறேன்ல?"

"அப்ப சரி. டிவில என்னைக் காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க."

நான் பொய் சொல்லவில்லை.

அவள் அம்மா பெரெஸ் ஏரிக்கரையில் மீன் பொரித்து விற்கிறவள். படப்பிடிப்பன்று எங்களுக்கு முழு மீனும் உகாலிக் களியும் தட்டு நிறைய வைத்தாள். "எம் பொண்ணைப் பெரிய ஆளாக்கப் போறீங்க. வெக்கப்படாம சாப்பிடுங்க டீச்சர்." அவள் கையெல்லாம் செதில். என் தட்டிலும் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. சாப்பிட்டேன். எத்தனை முறை கழுவியும் அந்த வாடை போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. கரையோரம் ஆகாயத்தாமரை அழுகிக் கிடந்தது. மிதித்தால் கொழகொழவென்று கணுக்காலில் ஏறும். அக்கோத் முகம் சுளிக்காமல் இறங்கினாள். முதல் இரண்டு டேக்கும் உதவவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் கரையில் இருக்கும் தைரியம். அந்த முகத்தை வைத்து யார் வேலை கொடுப்பார்கள்?

"இன்னும் கொஞ்சம் இடது பக்கமா போ," என்றேன்.

இடது பக்கம் மணல் அள்ளிய பள்ளம். காலையிலேயே ஒரு மீனவர் காட்டி எச்சரித்திருந்தார். ஒடேரா அப்போது வந்திருக்கவில்லை. அக்கோத்துக்கும் தெரியாது.

மூன்றாவது டேக்கில் அந்த முகம் கிடைத்தது.

"டீச்சர், நெஜமாவே முங்குறா!"

"நடிக்கிறா. கேமராவை அசைக்காதீங்க."

"யோவ், யாராச்சும் வாங்கய்யா!" என்று கத்திக்கொண்டே ஒடேரா கேமராவை விட்டுவிட்டு எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் காட்டிய நகக்கீறல் என்னுடையதுதான். கேமரா முக்காலியில் ஓடிக்கொண்டிருந்ததால் கணக்குச் சரியாகத் தெரியும், நாற்பது நொடி. பிறகு அவர் என்னைத் தள்ளிவிட்டு ஓடினார்.

அவளைக் கரையில் போட்டபோது வாய்க்குள் தாமரை வேர் இருந்தது. ஒடேரா விரலை விட்டு விட்டு எடுத்தார். வந்துகொண்டே இருந்தது, கறுப்பாக. பெரெஸ் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து மகள் முகத்தைத் துடைத்தாள். நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். துக்கம் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் படத்தை அனுப்பினேன். கடைசி நாள் அன்றுதான். மறு வாரமே நைரோபியிலிருந்து பேசினார்கள். "யாருங்க அந்தப் பொண்ணு? எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார்கள். என் மாணவி என்றேன். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

மூழ்கும்போது அவள் என்னைக் கூப்பிட்டாளா என்று கேட்டீர்கள். கூப்பிட்டாள். "டீச்சர், கால் எட்டல." மூன்று முறை. நான் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் கொக்குச் சத்தம்தான் வரும். வெட்டாத மூலப்பதிவு உங்கள் கையில் இருக்கிறது. பார்க்கும்போது ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஐயா. அவ்வளவு நல்ல நடிப்பை அந்தக் குரல் ஒன்றுதான் கெடுக்கிறது.