காணாமல்போன பதினாறு பக்கம்

— சவுத்தாலுக்கோ? இந்தக் கோட்டோடையோ? மகளின்ரை கலியாணத்துக்குப் போட்ட கோட்டெல்லே அது!

— வாசகியைப் பாக்கப் போறன், எமில்டா. நாவலாசிரியர் மாதிரிப் போகவேண்டாமோ?

— எந்த வாசகி?

— முந்தநாள் சொன்னனெல்லே, அனோஜினி. ஈமெயில் போட்டவ. 'மதிப்புக்குரிய யாக்கோப்பு ஐயா, உங்கள் நாவலில் 112ஆம் பக்கத்துக்குப் பிறகு பதினாறு பக்கங்களைக் காணவில்லை. தயவுசெய்து அனுப்புங்கள்.' கையெழுத்துப் பிரதியிலை இருந்து கொப்பி எடுத்து, பையுக்கை வைச்சிருக்கிறன்.

— விலாசம் தந்தவவோ?

— கேட்டு எழுதினன், பதிலில்லை. லண்டன், சவுத்தால் எண்டு மட்டும் போட்டிருக்கு. தமிழ்க் கடையளிலை விசாரிப்பன்.

— அங்கை எத்தினை அனோஜினி இருக்கும்!

— நாவல் வாசிக்கிற அனோஜினி ஒண்டுதான் இருக்கும்.

— உங்களுக்கு விசர்... போகவேண்டாம், மழை வரப்போகுது.

— ஏழு வருஷம் பெற்றோல் ஷெட் கவுண்டரிலை நிண்டு எழுதின புத்தகம். வெளிவந்து ஒன்பது வருஷத்திலை ஒரேயொரு ஆள் கேட்டிருக்கு. மழைக்குப் பயந்து இருக்கட்டோ?

— அப்ப... உண்மையாவே பக்கம் இல்லையோ?

— இல்லை. அச்சகக்காரன் ஒரு பதினாறு பக்கத்தை ரெண்டு தரம் வைச்சுக் கட்டிப்போட்டு, அடுத்த பதினாறையும் விட்டிட்டான். முந்நூறு கொப்பியும் அப்பிடித்தான்.

— புத்தக வெளியீட்டு விழாவிலை அருட்பிரகாசம் அண்ணை நாவலைப் பாராட்டி ஒரு மணித்தியாலம் பேசினவரே!

— ஓம். 'சங்கிலி மாதிரிக் கதை, ஒரு கண்ணியும் விடுபடேல்லை' எண்டவர்.

— ஐயோ மாதாவே... சிரிக்காமல் எப்பிடி மேடையிலை இருந்தனீங்கள்?

— ஆர் சொன்னது சிரிக்கேல்லையெண்டு? போட்டோவை எடுத்துப் பாரும்.

— அப்ப அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்!

— முதல் பெட்டியை உடைச்ச உடனை தெரியும். ஆராவது வாசிச்சிட்டுக் கேக்கட்டும், அதுவரைக்கும் வாய் திறக்கிறேல்லை எண்டு இருந்தன்.

— என்னட்டைக்கூடவோ?

— நீர் ஒரே மூச்சிலை வாசிச்சு, அழுதும் போட்டன் எண்டனீர். நான் சொல்லியிருந்தா நீர் வாசிக்கேல்லை எண்டது பிடிபட்டிருக்கும்.

— கொஞ்சம் நில்லுங்கோ...

— சரி, வழியை விடும். ரெண்டு ட்ரெயின் மாறவேணும்.

— இஞ்சருங்கோ... சப்பாத்தைக் கழட்டுங்கோ.

— ஏன்?

— சவுத்தாலிலை ஒருத்தரும் இல்லை. போன மாதம் முழங்கால் ஒப்பரேஷனோடை படுத்திருக்கேக்கைதான் உங்கடை புத்தகத்தை முதல்முறையா வாசிச்சன். உங்களிட்டைக் கேக்க வெக்கமாக் கிடந்தது, அதுதான் அனோஜினி எண்டு எழுதினன். 112ஆம் பக்கத்திலை புருஷனை விட்டிட்டுத் தனியா வெளிக்கிட்டவள், ஒரு தாள் தட்டினவுடனை ரெட்டைப் பிள்ளையளோடை நிக்கிறாள். மூண்டு கிழமையா எனக்கு நித்திரை இல்லை... அதுகள் ஆரின்ரை பிள்ளையள்? தாங்கோ அந்தப் பையை!