ஸ்லீபோ

எனக்கு வேறு ரோந்து வேண்டும் என்று கேட்டிருந்தேன். காரணம் என்ன என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், பெரிய விஷயமில்லை.

இந்த லண்டனில், அதிலும் பெத்னல் கிரீனில் நல்ல ரோந்து என்று ஒன்று கிடையாது. ஆனாலும் கேல் சந்து தனி ரகம். உள்ளே போக ஒரு வழி, வெளியே வரவும் அதே வழி. நம் பூட்ஸ் சத்தம் கேட்டதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். எனக்கு முன்னால் அங்கே போய்வந்த ஹோபர்ட்டை உங்களுக்கே தெரியும். 'ஒரு கை பிடிங்க ஐயா' என்று யாரோ வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். உதவத்தான் போனார். இப்போது அவர் மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டிவிடுகிறாள்.

அவர் இடத்துக்கு என்னைப் போட்டீர்கள். பயந்தேன், ஐயா. காலையில் பெல்ட்டை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டுவேன். வீட்டில் சொல்லவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பயப்படுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்.

பயந்தவனுக்குக் காது கூர்மை. அந்தச் சந்தில் தள்ளுவண்டிக்காரர்கள் நமக்குப் புரியக் கூடாது என்று சொற்களைத் தலைகீழாகப் புரட்டிப் பேசுவார்கள். மீன் என்றால் 'ன்மீ'. வீடு என்றால் 'டுவீ'. போலீஸ் என்றால் 'ஸ்லீபோ'. நான் தலையை உள்ளே நீட்டினாலே ஏதாவது ஒரு கிழவி, "ஸ்லீபோ வருதுடி, வண்டிய நகத்து" என்பாள். நத்தைக் கறி வாங்குகிற சாக்கில் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நின்று அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டேன். நம் ஸ்டேஷனில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஜேபஸ் ரட்டர் அங்கே மீன் விற்பவன். அவன் மனைவி கெசையா. அவள் தம்பி நாட், வண்டி தள்ள உதவுகிறவன். நல்ல மனிதர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கெசையாவுக்கு நான் காலை வணக்கம் சொல்வேன். அவளும் சொல்வாள். அந்தச் சந்தில் அது பெரிய விஷயம்.

அன்று மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. நான் சுவரைத் தடவிக்கொண்டு வந்தபோது அவர்கள் வண்டி நிறுத்தும் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஜேபஸின் குரல் கேட்டது.

"இன்னிக்கே ஸ்லீபோவ முடிச்சிரணும்டா நாட். இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது. உள்ள வச்சே நெத்தியில ஒரே போடு. கத்தக்கூட நேரமிருக்காது."

"பாவமா இருக்கு மச்சான்."

"பாவம் பாத்தா ஆகுமா? நீ போய்க் கயிறு கொண்டா. ஒங்க அக்காகிட்ட மூச்சு விடாத, அழுதே தீத்துருவா."

கெசையா எனக்காக அழுவாளா என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நேரத்திலும் அது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஊதலாம் என்று விசிலை எடுத்தேன், வாய் காய்ந்து காற்றே வரவில்லை. அப்போது கொட்டில் கதவு திறந்தது. ஜேபஸ் நின்றான், கையில் பெரிய சம்மட்டி. என்னைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"நல்ல வேளை, வந்தீங்க. உள்ள வந்து ஒரு கை பிடிக்கிறீங்களா ஐயா?"

ஹோபர்ட்டைக் கூப்பிட்ட அதே வார்த்தை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள். தடியை உருவி அடித்தேன். அவன் முதல் அடியிலேயே விழுந்துவிட்டான். எழுந்துவிடுவானோ என்ற பயத்தில் மேலும் அடித்தேன். நிறுத்த வேண்டும் என்று தோன்ற நேரமாயிற்று.

அப்புறம்தான் உள்ளே ஏதோ அசைவது தெரிந்தது. விளக்கைத் திருப்பினேன். சந்தையிலிருந்து மீன் இழுத்து வரும் கிழட்டுக் கழுதை ஒன்று, முன்னங்கால் முறிந்து, வைக்கோலில் சாய்ந்து நின்றது. கழுத்துப்பட்டையில் சிவப்புச் சாயத்தில் அதன் பெயரை எழுதியிருந்தார்கள். ஸ்லீபோ. போலீஸைப் போலவே சொன்ன இடத்தில் நிற்காது, நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும் என்று வேடிக்கையாக வைத்த பெயராம். கெசையா பிறகு சொன்னாள்.

நாட் கயிற்றோடு திரும்பி வரும் சத்தம் கேட்டது. தடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். கீழே கிடந்த சம்மட்டியை ஜேபஸின் தலைப்பக்கம் நகர்த்தி, ரத்தத்தில் தோய்த்து வைத்தேன். இப்போது விசில் நன்றாகவே ஒலித்தது. மச்சானை நாட் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். அவனும் என்னென்னவோ சொன்னான். கழுதை, பெயர், தலைகீழ்ப் பேச்சு என்றெல்லாம். ஜூரிக்காரர்கள் சிரித்தார்கள். பாஷை தெரிந்தவன் என்று என்னையே கேட்டார்கள். போலீஸுக்கு அப்படி ஒரு சொல் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை என்றேன்.

இன்று காலை சிறைச்சாலை மணி அடித்தது உங்களுக்கும் கேட்டிருக்கும். நாட் தூக்கில் தொங்கியதற்கு அடித்த மணி அது. நேற்றே சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். நேற்று சொல்லியிருந்தால் அவனுக்குப் பதில் என்னைத் தூக்கியிருப்பார்கள், ஐயா. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கொலைக்கு இரண்டு பேரைத் தூக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் வேறு ரோந்து கேட்டது அதற்காக இல்லை.

நேற்று கெசையா கொட்டில் வாசலில் என்னை நிறுத்தினாள். அழுது அழுது குரல் போயிருந்தது. கையில் ஒரு சம்மட்டி, யாரிடமோ இரவல் வாங்கியது.

"அவரும் போயிட்டாரு. தம்பியும் நாளைக்குப் போயிருவான். ஒங்க மேல கோவமில்ல, பாத்ததத்தானே சொன்னீங்க. இந்தச் சந்துல எங்கள மனுசங்களா மதிச்சது நீங்க ஒருத்தர்தான். இது இத்தன வாரமா வலியில துடிக்குது, எனக்குப் பாக்க முடியல. ஸ்லீபோவ நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க ஐயா."

சம்மட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கழுதை நொண்டிக்கொண்டே வந்து என் சட்டைக் கையில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டது. அதன் காதைத் தடவிக்கொடுத்தேன். பிறகு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, கெசையாவின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இன்றும் அவள் கேட்பாள். நாளையும் கேட்பாள். அதனால்தான் என்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறேன். ஓர் உயிரை எடுப்பதென்றால் எனக்குக் கை வராது, ஐயா.