கவ்விக்குள் ஒரு பெருக்கல் குறி

பழைய சைக்கிளில் சீட் கம்பி சிக்கிக்கொண்டால் அவசரப்படக் கூடாது. பலர் சுத்தியலை எடுத்துவிடுவார்கள். சைக்கிளின் பிரேம்தான் கெடும். எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி எண்ணெய் விட வேண்டும். பிறகு துணியைச் சுற்றி மெல்லத் திருகினால் தானாக வெளியே வரும். அந்தச் சைக்கிளில் நான் அப்படித்தான் எடுத்தேன். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து பிரேமை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆத்திரத்தில் எதையும் செய்கிறவன் இல்லை. அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கிற அறையில் எனக்கு வேலை. மீட்டரை மேசையில் பொருத்தி, தண்ணீரை விட்டு, முள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். நான் அதற்கு முன்பே காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் என்னை டாக்டர் என்பார்கள். "டாக்டர் கேட்டாச்சா? அப்ப இனிமே மிஷின் எதுக்கு, அணைச்சிருங்க," என்பார்கள். கேலிதான். ஆனாலும் என் காது தப்பியதில்லை.

என் மகனுக்கு மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதில் பைத்தியம். புதிது கேட்கவில்லை. "நீங்களே ஒண்ணு சேர்த்துக் குடுங்கப்பா. கடையில வாங்கினா ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கிறதுதான் வரும்," என்றான். விடுமுறை நாட்களில் இரண்டு பேரும் பழைய சைக்கிள் சாமான் கடைக்குப் போனோம். பிரேம் யாரோ கழித்துப் போட்டது. முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க் வேறொன்றிலிருந்து வந்தது. சக்கரங்கள் ஒன்றுக்கொன்று ஜோடியில்லை. பெடல் மாட்டுகிற கிராங்கில் ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கறுப்பு. "இது சைக்கிள் இல்லப்பா, கூட்டுக் குடும்பம்," என்பான்.

கடைக்காரர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய மகள் பேசுவாள். அவள் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். என் மகன் அவளை ஸ்பேனர் என்றே கூப்பிட்டான். அவள் அவனுக்கு வைத்த பெயர் ஓசி.

"ஏய் ஸ்பேனர், ரெண்டு நட்டு குடு."

"வந்துட்டான் ஓசி. முதல்ல உன் மண்டையில கழண்டதை எடுத்து மாட்டிக்கோ. மிச்சம் தேவைப்பட்டா தர்றேன்."

இரண்டு பேரும் சேர்ந்து மலைக்குப் போவார்கள். அவர்கள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சைக்கிள் தயாரானது. ஹேண்டில்பார் நல்ல அகலம். அவனுக்கு அப்படித்தான் வேண்டும். அதன் நடுப்பகுதியைப் பிடித்து போர்க்கோடு சேர்க்கிற துண்டை நாங்கள் கவ்வி என்போம். கவ்வியை அவனே தேடிப் பிடித்திருந்தான். திருகுகளை நான் இறுக்கினேன்.

மலையில் கற்கள் நிறைந்த ஒரு சரிவு இருக்கிறது. அதில் பாதி தூரம் இறங்கும்போது ஹேண்டில்பார் கவ்வியை ஒட்டி முறிந்தது. அவன் பாறையில் விழுந்தான். ஸ்பேனர் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கீழே தூக்கி வரும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள் என்றும் அவன் பேசவில்லை என்றும் பிறகு சொன்னாள்.

அலுமினியம் இரும்பைப் போல வளைந்து காட்டாது. விரிசல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பட்டென்று விட்டுவிடும்.

என் மனைவி கேட்டது கொஞ்சம்தான்.

"அந்த ஹேண்டில்பார் எங்க வாங்குனது?"

"அவர் கடையிலதான்."

"நல்லா இருக்குன்னு சொல்லியா குடுத்தார்?"

"ஆமா," என்றேன்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. என் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்களை நம்பித்தானே வாங்கினோம். உடைஞ்ச சாமானை நல்லதுன்னு எடுத்துக் குடுக்க எப்படி மனசு வந்துச்சு? உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்காளே."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செருப்பின் வார் தைக்கப்பட்டிருந்தது.

"என் கடைச் சாமான்தாம்மா," என்றார். "தப்பு என்மேலதான்."

அவள் கதவைச் சாத்தினாள்.

முறிந்த ஹேண்டில்பாரையும் அதோடு இருந்த கவ்வியையும் உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். என் மனைவி அதை மகனுடைய சட்டையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை அவளே வைத்துக்கொண்டாள். கவ்வியின் திருகுகளை யாரும் கழற்றவில்லை.

பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவள் சமைப்பாள், நான் சாப்பிடுவேன், பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

ஒரு மாலையில் ஸ்பேனர் வந்து வாசலில் நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியாம வந்திருக்கேன். போன்னு சொன்னா போயிடறேன்."

என் மனைவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எங்களை மாமா, அத்தை என்று கூப்பிட்டாள். யார் அந்த உரிமையைக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

பின்கட்டில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை மறுபடி கட்ட வேண்டும் என்று சொன்னது அவள்தான். பிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவன் பாதியிலதானே நின்னுட்டான் மாமா. மீதிச் சரிவை அவன் சைக்கிள்ல நான் இறங்கணும். ஒரே ஒரு தடவை. அப்புறம் நீங்களே வச்சுக்குங்க, நான் கேக்கமாட்டேன்."

அப்படித்தான் நாங்கள் சீட் கம்பியை எடுத்தோம். கோணிப்போன போர்க்கை மாற்றினோம். முன் சக்கரத்தின் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து, ரிம் ஆடாமல் சுற்றும்வரை உட்கார்ந்திருந்தோம். தேவையான சாமான்களை அவள் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவருவாள்.

"அப்பா பார்க்கலையா?"

"பார்க்கறார். நான் எடுக்கும்போது மட்டும் அவருக்குக் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கும்."

என் மனைவி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் ஸ்பேனர் கையில் ஸ்பேனரோடே சாப்பிட உட்கார்ந்தாள். "அதைக் கீழ வைடி. தட்டைக் கழட்டிடப் போற," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். மகன் போன பிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். 

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹேண்டில்பார் மாட்ட வேண்டிய கட்டம் வந்தபோதுதான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல மாமா. கீழ விழுந்த சைக்கிளோட சாமானை அப்பா விக்கவே மாட்டார். அரத்தை எடுத்து நடுவுல பெருக்கல் குறி போட்டு, பின்னால டிரம்முல தூக்கிப் போட்டுருவார். எடைக்குப் போற வரைக்கும் யாரையும் தொட விடமாட்டார். அது எப்படி வெளிய வந்துச்சு? கேட்டா, என் தப்புன்னு மட்டும் சொல்றார். மேல கேட்டா எழுந்து போயிடறார்."

"வயசாகுதுல்ல. கவனிச்சிருக்க மாட்டார்," என்றேன்.

"இல்ல மாமா. அவர் அப்படி இல்ல."

அன்று சாப்பிடும்போது அவள் என் மனைவியிடம் கேட்டாள். "அத்தை, அந்தப் பழைய கவ்வியைக் குடுங்களேன். அதையே மாட்டலாம். ஓசி அதுக்காகக் கடை முழுக்கத் தலைகீழாக்கினான். உடைஞ்ச துண்டை நான் பார்த்துக் கழட்டி எடுத்துடறேன்."

அந்த அலமாரியை என் மனைவி என்னைக்கூடத் தொட விட்டதில்லை. மறுத்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உனக்குன்னா தர்றேன்," என்றாள் என் மனைவி. "அவன் பிறந்தநாள் வருதுல்ல, அன்னைக்கு எடுக்கலாம். நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, மழை ஆரம்பித்துவிட்டால் சரிவில் கால் வைக்க முடியாது என்றேன். இப்போதைக்கு வேறு கவ்வியைப் போட்டு இறங்கிவிடட்டும், பழைய கவ்வியைப் பிறந்தநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நியாயமான பேச்சு. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவள் ஒரு ஹேண்டில்பார் கொண்டுவந்திருந்தாள். நல்ல சாமான். அதை மாட்டியும் விட்டோம். அடுத்த நாள் வேலை முடிந்து வரும் வழியில், கடைக்குப் பின்னால் போய் டிரம்மிலிருந்து ஒன்றை எடுத்தேன். அதே நிறம், அதே அகலம். நடுவில் குறி இருந்தது. குறிக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருந்தது. விரலில் தட்டுப்படாது. வெளிச்சத்தில் திருப்பினால் தெரியும்.

என் மனைவியும் ஸ்பேனரும் பேச ஆரம்பித்தால் சாப்பாடு முடியாது. அந்த நேரத்தில் மாற்றினேன். கைப்பிடிகளையும் பிரேக் பிடிகளையும் அதே இடத்தில் பொருத்தினேன். குறி கவ்விக்குள் போய்விட்டது. எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

இது ஒரு சோதனைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் அறையில் மீட்டரை உடைத்துப் பார்க்கமாட்டோம். ஓடவிட்டுப் பார்ப்போம். தாங்கினால் தாங்கட்டும்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். காற்றைப் பார்த்தேன். பிரேக்கைப் பார்த்தேன். அவள் ஹேண்டில்பாரின் மேல் உடல் எடையைப் போட்டு அழுத்தினாள். அது அசையவில்லை.

"உங்க கை பட்டா தனிதான் மாமா," என்றாள்.

ஹெல்மெட்டின் வாரை நான் இறுக்கினேன். அவள் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளைகள் பொத்தான் போட நிற்பதைப் போல. என் மனைவி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "மெதுவா போடி. நான் சமைச்சு வைக்கறேன்," என்றாள்.

எனக்கு அன்று வேலை நாள். மேசையில் இருந்த மீட்டர்கள் எல்லாம் சரியாக ஓடின.

மகன் விழுந்த இடத்துக்கு அவள் போய்ச் சேரவில்லை. அதற்கு வெகு முன்பே, எல்லோரும் பேசிக்கொண்டே இறங்குகிற இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொஞ்ச நேரம் நினைவு இருந்தது. "மாமாவை எதுவும் கேக்காதீங்கப்பா. நான்தான் வேகமா வந்தேன்," என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி அவளுடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவை குளிர்ந்த பிறகும் விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்தேன்.

அவள் ஓட்டிய சைக்கிளின் கவ்வியைக் கடைக்காரரே கழற்றினாராம். குறியைப் பார்த்ததும் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்.

மகனை இழந்ததற்குப் பழி வாங்கினேன் என்று நீங்கள் எழுதி வாசித்துக் காட்டினீர்கள். சரி என்றேன். ஆனால் தவறான அளவைக் கணக்கில் விட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை.

முதல் ஹேண்டில்பாரை அவர் விற்கவில்லை. அதுவும் டிரம்மில்தான் கிடந்தது. அந்த அகலத்தில் அன்று கடையில் வேறு இல்லை. நான் எடுத்துக் காட்டினேன். "அண்ணே, அது விழுந்தது. வேண்டாம், வச்சிருங்க," என்றார். குறியையும் காட்டினார். நான் அதை விரலால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டேன். சத்தம் சுத்தமாக இருந்தது. அரத்தால் கீறுகிறவர் எனக்குச் சொல்லவேண்டுமா என்று தோன்றியது. அவர் டீ சொல்லப் போனபோது பைக்குள் வைத்துக்கொண்டேன். மகன் அன்று கடைக்கு வரவில்லை. அவர் தேடி எடுத்துக் கொடுத்தார் என்று அவனிடம் சொன்னேன். அவன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான்.

அந்தத் துண்டு இன்னும் அலமாரியில், கவ்விக்குள், குறியோடு இருக்கிறது. ஸ்பேனர் திறந்திருந்தால் தன் அப்பாவின் கைக்குறியைப் பார்த்திருப்பாள். ஆமா என்று நான் சொன்ன ஒரு சொல் பொய் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அவர் வாசலில் நின்று எதை ஏற்றுக்கொண்டு போனார் என்பதும் தெரிந்திருக்கும்.

அந்தப் பெண்ணை நான் கொன்றேன். தெரிந்தே மாட்டினேன். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவியிடம் மட்டும் நீங்கள் எழுதியபடியே சொல்லுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் புத்தி கெட்டுப் பழி வாங்கினான் என்றால் அவள் என்றாவது ஒரு நாள் ஆறிவிடுவாள். ஒரு தகப்பன் அப்படிச் செய்யக்கூடியவன்தான். அந்த அலமாரியைத் திறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதல் ஹேண்டில்பாரைப் பற்றிக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். தானே எடுத்துக் கொடுத்ததாகத்தான் சொல்வார். நல்ல மனிதர். என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்.