பள்ளம் மேல, மேடு கீழ

...கிராமபோன் ப்ளேட்டு போச்சு சார்! ஃபிடில் ப்ளேட்டு! அப்பளமா நெளிஞ்சு போச்சு. கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உக்காருங்க சேஷகிரி சார், ஜட்கா பின்னால சாயுது... ஆங், இப்ப சரி. அடுத்த வீட்டுக்குக் குடி வந்து இத்தனை நாளாச்சு, இன்னிக்குத்தான் என்கிட்ட மாட்டினீங்க. காக்ஸ் டவுன் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே போலாம். என்னா? தலைவலியா? பேசினா சரியாப் போயிடும்.

எதுல விட்டேன்? ஆங், ப்ளேட்டு. என் சம்சாரம் பெர்னதெத் இருக்காளே, மாதா கோயில் ஃபேன்ஸி ஃபேருக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன்னு உக்காந்தா. கன்னடத்துல கௌதின்னு சொல்றாங்களே, அதான். ஊர்ல எல்லாரும் சதுரம் சதுரமா வெட்டி ஒட்டுவாங்க. நேர்க்கோடு, நேர்த்தையல், முடிஞ்சுது சோலி. இவளுக்கு அது ஆகாது! நடுவுல பெரிய நிலா வேணும், சுத்திலும் அரைவட்டம் வேணும். சரி, வட்டத்துக்கு அளவு? என் ப்ளேட்டை எடுத்தா! மஞ்சத்துணியை அது மேல போர்த்தினா, ஓரத்துல சுத்தி நூல் ஓட்டி இழுத்தா... சுருக்குப்பை மாதிரி கச்சிதமா மூடிக்கிச்சு. அதுவரைக்கும் ரைட்டு. அப்புறம் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேல வெச்சு ஒரு அழுத்து! அரக்கு சார் அது! உருகாதா? நிலாவுக்குள்ள என் ஃபிடில் வெந்து போச்சு.

நான் கத்தறேன், அவ என்னடான்னா, "ஓரத்துலதானே நெளிஞ்சிருக்கு, நடுவுல பாடும்"ன்றா!

எனக்கு வந்த கோவத்துல, "தள்ளு, வட்டம் என்னா பெரிய வித்தையா"ன்னு ஊசியை வாங்கிட்டேன். மிலிட்டரி ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கு சார் நான்! அட்டையில வட்டம் வெட்டினேன், துணியைப் போர்த்தி நூலை இழுத்தேன், இஸ்திரி போட்டேன், அட்டையை உருவினேன்... அடாடா! விளிம்புல ஒரு மூலை கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. நானே தடவித் தடவிப் பாத்தேன்.

அரைவட்டத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஒரு துண்டு உள்ள வாங்கியிருக்கும், இன்னொண்ணு வெளிய தள்ளிக்கிட்டிருக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்கும். எங்க, உங்க அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் குடுங்க... பயப்படாதீங்க, குடுங்க சார். இது பள்ளம், இது மேடு. ரெண்டையும் பாதியா மடிச்சு நடு எங்கன்னு பாக்கணும். நடுவோட நடுவைச் சேத்து முதல் குண்டூசி. அப்புறம் ரெண்டு முனை. அதுக்கப்புறம்தான் மத்த எடம். பள்ளத் துண்டு ஓரத்துல குட்டிக் குட்டியா கத்திரி போடணும், தையல் கோட்டைத் தொடாம. அப்பத்தான் அது விரிஞ்சு எடம் குடுக்கும். தைக்கும்போது பள்ளம் மேல, மேடு கீழ. இழுக்கவே கூடாது! இழுத்தா துணி வாயைப் பொளந்துடும்... ஐயையோ, ஊசி உங்க வேட்டியோட சேத்துக் குத்திடுச்சு. இருங்க இருங்க, எடுத்துடறேன்.

இத்தனையும் கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டது சார். அவ மார்க்கெட்டுக்குக் கிளம்பினா நான் உக்காந்துடுவேன். யாராவது கதவைத் தட்டினா பேப்பரைப் பிரிச்சு மடியில போட்டு மூடிக்குவேன். கடைசியில ஃபேர்ல அந்தப் போர்வைக்குத்தான் முதல் பரிசு! மேடை ஏறி வாங்கினது யாரு? அவ! நான் கீழ நின்னு கை தட்டறேன்.

அத்தோட விட்டாங்களா? மர்பி டவுன் டோரீன் அம்மா, பாட்டுக்குழுவை நடத்தறவங்க, "பெர்னதெத், சனிக்கிழமை கோயில் ஹாலுக்கு வந்து எங்களுக்கும் அந்த வளைவைக் கத்துக்குடேன்"னாங்க. இவளும் "ஓ, வர்றேனே"ன்னுட்டா! வீட்டுக்கு வந்து என் மூஞ்சியைப் பாக்கறா. நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. சனிக்கிழமை விரல்ல ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு, "சுட்டுக்கிட்டேன்க்கா, நான் சொல்லச் சொல்ல இவர் தைப்பார்"னு என்னை ஹால் நடுவுல உக்கார வெச்சுட்டா!

சுத்திலும் பொம்பளைங்க. நடுவுல நான் ஒருத்தன், கோட்டும் டையுமா. இவ கையில ஸ்கேலு வேற. "மேட்டுத் துண்டை மேல வைங்க"ன்றா. தப்பு சார்! நான் கண்ணைக் காட்டறேன். "என்னா முழிக்கிறீங்க, வைங்க!" வெச்சேன். "இழுத்துத் தைங்க!" தைச்சேன். மோர்மிளகா மாதிரி சுருங்கிக்கிட்டு வந்துச்சு. டோரீன் அம்மா அதைத் தூக்கிக் காட்டி, "பாவம் ஓஸ்வால்ட், ஆம்பளை கை அப்படித்தான்"னாங்க. ஹால் பூரா சிரிப்பு. பெர்னதெத்தும் சிரிக்கிறா!

அவங்க சிரிச்சதைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்தச் சுருக்கம்... என் கையால தைச்ச சுருக்கம்... அதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல சார். எழுந்து கத்திட்டேன். "பள்ளம் மேல! மேடு கீழ! நடுவுல முதல் ஊசி! அந்த நிலா நான் தைச்ச நிலா!"

பெர்னதெத் என்னா பண்ணா தெரியுமா? விரல் கட்டை அவுத்தா. "அப்பாடா, இனிமே நீங்களே சொல்லிக்குடுங்க"ன்னு முதல் வரிசையில போய் உக்காந்துட்டா! டோரீன் அம்மா நாற்காலியை இழுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்துட்டாங்க.

அன்னியிலேர்ந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு இதே வேலை. ஆபீஸ்ல "டெய்லர் சார்"னு கூப்பிடறானுங்க. தொல்லை சார், பெருந்தொல்லை! இந்தப் பொட்டலமா? நூலு. நீலத்துக்கு ஏத்த நீலம் வேணுமில்ல, மார்க்கெட் பூரா அலைஞ்சேன்.

உங்க வீட்டு ரமா அம்மாவும் வர்றாங்களே, சொல்லலையா? நல்ல மனுஷி. ஹால்ல உக்கார வெச்சா ஊசியில நூல் கோக்க வராது அவங்களுக்கு. ஆனா வீட்ல தைச்சுக்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, கொண்டு வர்றாங்க பாருங்க ஒரு வட்டம்... என்னுதைவிட நல்லாருக்கு சார், பொய் சொல்லக்கூடாது. எப்படிம்மான்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே போயிடறாங்க.

ஏன் சார் கையை மடக்கிக்கிறீங்க? காட்டுங்க... அட, காட்டுங்கன்றேன். ஆள்காட்டி விரல் நுனி பூரா ஊசி குத்தின பொட்டு! அடப்பாவி மனுஷா!

வண்டிக்கார சாயபு, நிறுத்துங்க, நிறுத்துங்க! சார்! ரயில் கேட்டுகிட்டயே குதிச்சுட்டீங்களே, வீடு இன்னும் தூரம் இருக்கே! சேஷகிரி சார், ஓடாதீங்க! யார்கிட்டயும் சொல்லமாட்டேன்! நூலை இழுத்தப்புறம் முடிச்சை எந்தப் பக்கம் போடறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்...!